கிதாருக்காக நின்ற கை

1964 அக்டோபர் 14, புதன்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். காலை முதல் வானம் மூடிக் கிடந்தது. ஒரு துளி விழவில்லை. காற்று என்பதே இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே சரஸ்வதி பூஜை முடிந்து சாம்பிராணிப் புகை மட்டும் மிச்சம் இருந்தது. பூஜைப் பலகையில் என் சுருக்கெழுத்து நோட்டுகள் ஐந்து, பென்சில்கள் ஒன்பது, ஆங்கில அகராதி ஒன்று, மனைவியின் தையல் கத்தரி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, சரஸ்வதி படத்தின் மீது சாய்த்து, உறையிலிருந்து வெளியே எடுத்த ஒரு கறுப்பு இசைத்தட்டு. அதில் நான்கு சந்தனப் பொட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். நடு ஓட்டையில் ஒரு செம்பருத்திப் பூ.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குச் சுருக்கெழுத்துத் தேர்வு. நடுவில் இருந்தது நாற்பத்தொரு மணி நேரம் ஐம்பது நிமிடம். அந்த இசைத்தட்டு இல்லாமல் நான் தேறுவதற்கு வழியே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் தலைமயிரை எண்ணெய் போட்டு முன்னால் சுருட்டி விட்டுக்கொண்டு, கிதாரைக் குழந்தைபோல் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, காலை ஆட்டி ஆட்டிப் பாடிய ஓர் இளைஞனின் முதல் எல்.பி. தட்டு அது. பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாட்டு. அதற்கும் ராணுவத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் கீழ்நிலை எழுத்தராக இருந்த எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் தொழிற்சாலையில் ஸ்டெனோ வேலை இரண்டு காலியாயிற்று. மாதம் இருபது ரூபாய் கூடுதல். அதைவிட முக்கியம், ஸ்டெனோவுக்கு நாற்காலியில் கை வைக்க இடம் உண்டு. என் நாற்காலிக்கு இல்லை. நிமிடத்துக்கு நூறு வார்த்தை வேகத்தில் ஏழு நிமிடம் ஆங்கிலம் படிப்பார்கள், அதை எழுத வேண்டும். என் வேகம் எண்பது. அம்பத்தூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மாடியில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்திருந்தேன். அங்கே வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தபடி தலையங்கங்களைப் படிப்பார். ஆனால் வாரத்தில் மூன்று நாள் எனக்கு ஓவர்டைம்; வகுப்புக்குப் போக முடியாது. வீட்டில் யாராவது படித்தால்தான் உண்டு.

வீட்டில் இருந்தது மனைவி ஒருத்தி. கோவில்பட்டிப் பக்கம், எட்டாவது வரை தமிழில் படித்தவள். ஆங்கிலப் பேப்பரைக் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி அவள் ஒரு நிமிடத்தில் பதினொரு வார்த்தை படித்தாள். அதில் நான்கு எனக்குப் புரிந்தது. ரேடியோவில் ஆங்கிலச் செய்தி கேட்டேன். அது நூற்று முப்பதில் ஓடியது. என் பென்சில் வெளிநாட்டுச் செய்தியைப் பிடிக்கும்போது அவர்கள் வானிலைக்குப் போயிருந்தார்கள். திருப்பிப் படிக்கச் சொல்லவும் முடியாது.

அப்போதுதான் கள்ளிக்குப்பத்துக்காரன் வந்தான். மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டுபவன், என்னைவிட நான்கு வயது இளையவன். அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இவன் சம்பளம் வாங்கியதும் முதலில் வாங்கியது வீட்டுக்கு ஓடு, இரண்டாவது, தவணையில் ஒரு பெட்டி ரெகார்டு பிளேயர், மூன்றாவது, மூர் மார்க்கெட்டில் பழையதாகப் பதினெட்டு ரூபாய்க்கு இந்த எல்.பி. அந்தப் பாடகனை அவன் தலைவன் என்றே சொல்வான். ஆயுத பூஜையன்று ஷாப்பில் மெஷின்களுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்த பிறகு பாட்டுக் கச்சேரி நடக்கும். அதில் தலைவன் பாட்டைப் பாடுவது என்று முடிவு செய்திருந்தான். வார்த்தை தெரியவில்லை. நான் ஆங்கிலம் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், நீ கேட்டு தமிழ் எய்த்துல எய்திக் குடு. பெட்டி, பிளேட்டு ரெண்டும் பூஜ வரைக்கும் உன் ஊட்லயே இருக்கட்டும்" என்றான்.

எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. தட்டில் பாடும் இந்த மனிதன் வேண்டிய நேரத்தில் வேண்டிய தடவை டிக்டேஷன் கொடுப்பான், சம்பளம் கேட்க மாட்டான், தொண்டை கட்டாது. முதல் பக்கம் நாலாவது பாட்டை அலாரக் கடிகாரத்தை வைத்து அளந்தேன். இரண்டு நிமிடம் பத்து வினாடி, இருநூற்று முப்பத்தெட்டு வார்த்தை. நிமிடத்துக்கு நூற்றுப் பத்துக்கு அரைக்கால் குறைவு. இதை எழுதினால் நூறு எனக்குத் தூசி என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பிரிவுக்காரன் போட்ட கணக்கு.

ஆறு வாரம் எழுதினேன். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை பென்சிலோடு தரையில் உட்காருவேன். மனைவி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் ஊசிக் கையைத் தூக்கி ஆரம்பத்தில் வைப்பாள். முதல் நாள், இவனுக்கு வயிற்றுவலியா, ஏன் இப்படிக் கத்துகிறான் என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். சுருக்கெழுத்து மெய்யெழுத்துகளின் மேல் நிற்பது. உயிரெழுத்துப் புள்ளிகள் அவற்றின் பக்கத்தில்தான் தொங்க முடியும். இவனோ வரிக்கு வரி வெறும் உயிரெழுத்தாகவே ஊளையிட்டான். தொங்குவதற்குக் கொம்பில்லாத புள்ளிகளை என்ன செய்வது? ஒவ்வோர் ஊளைக்கும் ஒரு நெளிகோடு என்று நானே ஒரு குறியை ஏற்படுத்தி, அதையும் ஒரு வார்த்தையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வேகம் நூற்றுப் பதினெட்டுக்கு ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னை ஓரமாக அழைத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா தம்பி என்று விசாரித்தார்.

கள்ளிக்குப்பத்துக்காரனுக்கு ஏழு பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பூஜையன்று காலை ஷாப்பில் அவன் அதைப் பாடிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இல்லை. கடைசியாக ஒரு டிக்டேஷன் வாங்கிவிடலாம் என்று அம்பத்தூருக்கு ரயில் ஏறியிருந்தேன். இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டர்கள் பதினான்கும் நெற்றியில் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாத்தியார் ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்து, இன்றைக்குப் படிக்கவும் கூடாது எழுதவும் கூடாது, படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு இது கூடவா தெரியாது என்று அனுப்பிவிட்டார். வீட்டில் இசைத்தட்டாவது இருக்கிறதே என்று திரும்பி வந்தபோதுதான் அது பூஜைப் பலகையில் செம்பருத்தியோடு உட்கார்ந்திருந்தது.

"இதை யாரு வைக்கச் சொன்னா?" என்று கேட்டேன்.

"வாத்தியம், புத்தகம் எல்லாம் வைக்கணும்லா. ஆறு வாரமா நீங்க படிக்கிற புத்தகமே இதுதானே" என்றாள் மனைவி.

உறையின் மேல் வைத்திருக்கக் கூடாதா என்றேன். உறை என்பது சட்டை, சட்டைக்கு யாராவது பொட்டு வைப்பார்களா என்று அவள் கேட்டாள்.

நாளைக் காலையில் மறுபூஜை செய்த பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கள்ளிக்குப்பத்துக்காரன் ஒரு பை பொரியோடு நின்றான். தொண்டை கட்டியிருந்தது. ஏழு பாட்டையும் பாடியிருக்கிறான்; ஃபோர்மேன் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்.

"இன்னா சார், பேய் அறஞ்ச மாரி நிக்கிற?"

நான் பலகையைக் காட்டினேன். அவன் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தான். குனிந்து பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான்.

"அண்ணி வெச்சாங்களா? தலைவனுக்கு அவன் ஊர்லகூட ஒருத்தன் இப்டிப் பொட்டு வெச்சிருக்க மாட்டான் சார்."

காலையில் துடைத்து, ஒரு நாள் எழுதிவிட்டுத் தருகிறேன் என்றேன். அவன் முகம் மாறியது.

"தொடைக்கிறதா? சாமிக்கு வெச்ச பொட்ட தொடைப்பியா நீ? உங்க ஊட்டு அருவாமனைக்கும் பொட்டு வெச்சிகிறாங்க. அத்த தொடைப்பீங்களா அண்ணி?"

"தொடைச்சிட்டுத்தான் காய் நறுக்குவேன்" என்றாள் மனைவி.

"அது வேற அண்ணி. அது பாடாது" என்றான்.

அவனுடைய இசைத்தட்டு, அவனுடைய சாமி. பொட்டோடு அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போவதாகவும், மறுநாள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துப் போனான்.

துடைக்கத்தானே கூடாது, ஓட்டக் கூடாது என்று அவன் சொல்லவில்லையே என்று விஜயதசமி காலை ஏழு இருபதுக்கு எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. தட்டைப் பெட்டியில் வைத்து ஊசியை இறக்கினேன். முதல் பொட்டு வந்ததும் ஊசி, வரப்பின் மேல் ஏறும் மாட்டுவண்டி போலச் சந்தன மேட்டில் ஏறி, இறங்கும்போது இரண்டு பாட்டைத் தாண்டி விழுந்தது. அங்கே இருந்த பொட்டில் மோதி வளைந்துவிட்டது. மொத்தம் பதினேழு வார்த்தை கேட்டிருப்பேன். சத்தத்துக்குச் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஊறவைத்த அரிசியை ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்ட ஆரம்பித்தாள். இரண்டு சுற்று சுற்றியதும் கேட்டாள்:

"அந்த நாலாவது பாட்டு நான் சொன்னா எழுதுவீங்களா?"

எழுத்துக் கூட்டி நிமிடத்துக்குப் பதினொரு வார்த்தை படித்தவள். நான் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள். ஆறு வாரம் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்த காதுகள் அவை. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. ஒரு சொல்லும் விடவில்லை. குழவி சுற்றும் ஓசை தாளமாக நின்றது. ஊளை வரும் இடத்தில் ஊளையிட்டாள். கிதார் தனியாக வரும் இடத்தில் "டிங்கிடி டிங்கிடி டிங்கிடி டொய்ங்" என்று அதையும் பாடி, அடுத்த வரிக்குப் போனாள். கிதாரை விட்டுவிடு, வார்த்தை போதும் என்றேன். முயன்று பார்த்தாள். "அது இல்லாம அடுத்த வரி வரமாட்டேங்கு" என்றாள்.

மாவு அரைத்து முடிப்பதற்குள் பன்னிரண்டு பாட்டும் இரண்டு சுற்று. பிறகு உளுந்துக்கு மூன்றாவது சுற்று. நான் எழுதி எழுதி ஆறு பென்சில்களை மழுக்கினேன். அளந்து பார்த்தேன்: அவளுடைய நாலாவது பாட்டு நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. தலைவனைவிட இரண்டு அதிகம். அன்று சாயங்காலம் கள்ளிக்குப்பத்துக்காரன் வந்து பொட்டு வைத்த தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனபோது எனக்கு வருத்தமே இல்லை. ஊசி வளைந்ததைச் சொல்லிவிட்டேன். அவன் வாயால் உச் கொட்டினான், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தேர்வு எழுதியவர்கள் ஒன்பது பேர். வடக்கேயிருந்து வந்திருந்த அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். உதிரி பாகங்கள் வந்து சேரத் தாமதமாவது குறித்து மேலலுவலகத்துக்கு எழுதிய நீண்ட கடிதம். முதல் இரண்டு வரி என் பென்சில் பறந்தது. பக்கத்து நாற்காலிக்காரன் பொறாமையோடு பார்த்ததாகக்கூட நினைவு. மூன்றாவது வரி, நான்காவது வரி. அதற்குப் பிறகு என் கை நின்றது.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாகக் காது கேட்டது. கை தாளுக்கு மேலே ஓர் அங்குல உயரத்தில், பேருந்துக்குக் காத்திருப்பவன்போல அமைதியாக நின்றது. ஏழெட்டு வார்த்தை போன பிறகு தானாக இறங்கி எழுதியது. நாலு வரி எழுதியது. மறுபடி நின்றது. இடையில் அதிகாரி படிப்பதை நிறுத்தாமலே கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஏழு நிமிடம் முடிந்ததும், மூன்றாவது வரிசையில் இருப்பவர் காலைத் தரையில் தட்டாமல் இருந்திருந்தால் மற்றவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார். மூன்றாவது வரிசையில் ஆடிக்கொண்டிருந்தது என் கால் ஒன்றுதான்.

எழுநூறு வார்த்தையில் முப்பத்தைந்து தப்பு வரை மன்னிப்பு. நான் விட்டது நூற்று அறுபத்திரண்டு. இரண்டு பேர் தேறினார்கள். அதில் ஒருவன் என் பக்கத்து நாற்காலிக்காரன்.

வீட்டுக்கு வந்து சந்தனத்தின் மேல் பழியைப் போட்டேன். இரண்டு நாள் பயிற்சி போயிற்று, அதனால்தான் என்றேன். மூன்று நாள் அதே பேச்சு. மனைவி மூன்று நாளும் பொறுத்தாள். நாலாம் நாள் இட்லியைத் தட்டில் போட்டுவிட்டு, நான் வைத்த பொட்டா தேர்வு அறைக்கு வந்து உங்கள் கையைப் பிடித்தது என்று கேட்டாள். என்னதான் எழுதினீர்கள், படித்துக் காட்டுங்கள் என்றாள்.

தேர்வில் எழுதியது என் தலையில் அப்படியே இருந்தது. விட்ட இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை நான் நின்றதும், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் மெதுவாகச் சொன்னாள்:

"டிங்கிடி டிங்கிடி டிங்கிடி டொய்ங்."

சரியாக அவ்வளவு நேரம்தான். அடுத்த நாலு வரி சொன்னேன். நின்றேன். அவள் மறுபடி சொன்னாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. இந்திய அரசாங்கத்தின் உதிரி பாகக் கடிதத்தில் நாலு வரிக்கு ஒருமுறை கிதார் வரும் என்று என் கை நம்பிக் காத்திருந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு இட்லி இறங்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். பன்னிரண்டு பாட்டிலும் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் வார்த்தை. அதில் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்ததையெல்லாம் கழித்தால் மிஞ்சியது இருநூற்று எண்பத்தேழு. 'பேபி' என்ற சொல் மட்டும் நூற்று நான்கு தடவை. அதை நான் கண்ணை மூடிக்கொண்டு மின்னல் வேகத்தில் எழுதுவேன். அரசாங்கக் கடிதம் எதிலும் அது ஒரு தடவைகூட வந்ததை என் முப்பத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் பார்த்ததில்லை. ஆக, ஆறு வாரத்தில் நான் கற்றது இருநூற்று எண்பத்தேழு சொற்களை நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு வேகத்தில், பாதி ஊளையோடு எழுதுவது.

மறுபடி இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். கை நிற்கும் போதெல்லாம் வாத்தியார் மேஜையை அடிக்கோலால் தட்டினார். அந்தப் பழக்கம் போக ஐந்து மாதம் ஆயிற்று. அடுத்த தேர்வு பதினான்கு மாதம் கழித்துத்தான் வந்தது; அதில் தேறினேன், கை வைத்த நாற்காலியும் கிடைத்தது.

இடையில் ஒருநாள் கள்ளிக்குப்பத்துக்கு அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் அந்த இசைத்தட்டு ஆணியில் தொங்கியது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவன் அம்மா வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டுகிறாராம். நல்லதாகப் போயிற்று, விஷயம் முடிந்தது என்று நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

"சார்" என்றான் அவன், வாசல் வரைக்கும் வந்து. "அது சாமி ஆயிடிச்சு. அத்த ஒண்ணும் பண்ண முடியாது. பாடறதுக்கு ஒண்ணு வேணுமே."

நியாயமாகத்தான் பட்டது. மவுண்ட் ரோடில் புதிதாக ஒன்றும், வளைந்ததற்குப் பதிலாக ஓர் ஊசியும் வாங்கிக் கொடுத்தேன்.

இந்தக் கணக்கில் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை ஒப்புதல் இல்லை. புது இசைத்தட்டு முப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது பைசா, ஊசி நாலு ரூபாய் இருபத்தைந்து, போய்வந்த ரயில், பஸ் ஒரு ரூபாய் முப்பத்தைந்து. ஆக முப்பத்தெட்டு ரூபாய் பத்து பைசாதான் செலவு என்பது அவள் கட்சி. கைக்கு வராத சம்பளத்தைச் செலவு என்று எழுதுகிற ஆளை உலகத்தில் பார்த்ததில்லை என்கிறாள். நான் கணக்குப் பிரிவில் இருந்தவன். பதினான்கு மாதம் இருபது இருபதாக வராமல் போன இருநூற்று எண்பதையும், அதே பதினான்கு மாதத்துக்கு ஆறு ஆறாக வாத்தியாருக்குக் கட்டிய எண்பத்து நாலையும் எந்தத் தலைப்பில் காட்டுவது? எப்படிக் கூட்டினாலும் எனக்கு வருவது நானூற்று இரண்டு ரூபாய் பத்து பைசா.